முந்நூறு சொற்களுக்குள்

நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டோர் பட்டியல்
வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என்றார்கள்.
ஆறேகாலுக்குக் கப்பலூர் டோல்கேட் நெரிசலில்
கம்பெனி வேனுக்குள்
கைப்பேசியை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
ஒரு பாண்டியராஜன் இருந்தான்.
பாண்டீஸ்வரி இல்லை.

அதோடு ஆறும் முடிந்தது.
ஒன்று மட்டும் மரியாதைக்கு எழுதியது:
அன்புள்ள விண்ணப்பதாரர் 40871,
இந்த ஆண்டு போட்டி கடுமையாக இருந்தது.
மற்ற ஐந்துக்கும் அதுகூடத் தோன்றவில்லை.

ஞாயிறு, பழங்காநத்தம் வீட்டு மாடி,
தண்ணீர்த் தொட்டி நிழலில் மடிக்கணினியைத் திறந்து
பிரேதப் பரிசோதனை.
தேர்வு: தொண்ணூற்று நான்கு சதமானம். சாகிற அளவுக்கு இல்லை.
அனுபவம்: மூன்றரை வருசம், ரப்பர் கம்பெனி, டெஸ்பாட்ச். மூச்சு இருக்கிறது.
கட்டுரை.
இங்கேதான் கத்தி நின்றது.

'நீங்கள் சந்தித்த ஒரு தோல்வியை
முந்நூறு சொற்களுக்குள் எழுதுக.'

பத்தாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில்
இரண்டாம் பரிசு வாங்கிய சோகத்தை எழுதியிருந்தேன்.
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள்.
கோச்சிங் சென்டர் சார் 'கச்சிதம்' என்றார்.
போன மாதம் ஜெசிந்தா தன்னுடையதைக் காட்டினாள்:
அவளும் ஒரு பேச்சுப் போட்டியில் தோற்றிருந்தாள்,
என் கடைசி வரியிலேயே தேறியும் இருந்தாள்.
நாங்கள் இருவரும் மேடை ஏறியதே இல்லை.

சொல்வதற்கு ஒன்று இருந்தது.
ஆடி மாதம், இரண்டாவது ஷிப்ட்,
ஓசூருக்குப் போகிற வாஷர் லோடு.
'பாப்பா, இது ஆறு எம்எம் இல்ல,
கையில புடிச்சாலே தெரியுது' என்றாள்
பேக்கிங் ஒச்சம்மாள்.
லேபிள் நான் அச்சடித்தது.
'ஆறுன்னுதான் போட்டிருக்கு,
படிக்கத் தெரிஞ்சா பேசுங்க' என்றேன்,
பன்னிரண்டு பேர் முன்னால்.
(இன்னொரு கட்டுரையில் அவர்கள்
'நான் வழிநடத்திய குழு'.)

நாலாம் நாள் லாரி திரும்பி வந்தது,
நாற்பது பெட்டியோடும்.
பேக்கிங்கில் கலந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.
யாரோ இல்லை.
ரிப்போர்ட்டில் கையெழுத்து என்னுடையது.
ஒச்சம்மாளுக்கு ஒரு நாள் கூலி பிடித்தார்கள்,
நானூற்று இருபது ரூபாய்.

ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் இரண்டாயிரத்து நூறு.
அதாவது ஐந்து நாள் ஒச்சம்மாள்.
ஆறு கல்லூரிக்கு முப்பது நாள்,
ஞாயிறு கழிக்காமல் ஒரு மாசம்.
கணக்குப் பகுதியில் எனக்குத் தொண்ணூற்றொன்பது.

புதுப் பக்கம் திறந்து அதை எழுதினேன்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
ஆடியை வெட்டினேன், ஓசூரை வெட்டினேன்.
'இதிலிருந்து நான் கற்றது' என்று தொடங்கிய பத்தியை
முழுசாகத் தூக்கினேன், நான் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.
'கையில புடிச்சாலே தெரியுது' மட்டும்
எங்கே கத்தி வைத்தாலும் வெட்டுப்படவில்லை.
முந்நூற்று நாற்பதில் நிற்கிறது.

துணி எடுக்க மாடிக்கு வந்த அம்மா
'அடுத்த வருசமும் போடுவியா?' என்றாள்.
தெரியவில்லை என்றேன்.
'வெயிலு லேப்டாப்புல படுது பாரு' என்று
கிளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டு இறங்கினாள்.

திங்கள் காலை, தனக்கன்குளம் விலக்கு.
தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு
எனக்கு முன் சீட்டில் ஒச்சம்மாள்.
என் பையில் இரண்டு இருநூறும் ஒரு இருபதும்,
மடித்து, வேர்வையில் நனைந்து.
டோல்கேட்டுக்கு இன்னும் ஏழெட்டு நிமிசம்.
'அக்கா' என்றேன்.
டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார்.
இன்னொரு முறை,
கொஞ்சம் உரக்க.